லிஃப்ட்டில் ஒட்டியிருந்த தாளும் ஜப்பானைப் பற்றிய சில புத்தகங்களும்

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட்டுக்குள் ஒருநாள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு குழந்தை குதிக்கிற மாதிரி சின்னப் படம், கீழே ரொம்பப் பணிவான ஜப்பானிய மொழியில் நாலு வரி. இரவு ஒன்பது மணிக்கு மேல் காலடிச் சத்தம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், குடியிருப்போர் அனைவரும் தயவுசெய்து கவனமாக இருக்க வேண்டுகிறோம், அவ்வளவுதான். எந்த வீடு என்று இல்லை, யார் சொன்னது என்றும் இல்லை. டோக்கியோவில் நிஷி-கசாய்க்கு நாங்கள் குடிவந்து மூன்று வருடம் ஆகியிருந்த நேரம். மகளுக்கு இரண்டரை வயது, வீட்டுக்குள் நடக்கவே மாட்டாள், ஓட்டம்தான். லிஃப்ட் நாலாவது மாடிக்கு வந்து நிற்கும் வரை நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கதவைச் சாத்தியதும் அவள் கேட்டது ஒரே கேள்விதான். "கீழ் வீட்டுக்காரர் நேத்துகூட சிரிச்சுக்கிட்டே வணக்கம் சொன்னாரே, நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஜப்பானுக்கு வருமுன்பே இந்தச் சமூகத்தைப் பற்றி நாலைந்து புத்தகம் படித்திருந்தேன், வந்த பிறகும் விடவில்லை. நேரில் சொல்ல மாட்டார்கள், வெளியே காட்டும் முகத்துக்குத் தாதேமாயே என்று பெயர், உள்ளே இருப்பதற்கு ஹொன்னே என்று பெயர், யாரையும் குறிப்பிடாமல் எல்லோருக்கும் சொல்வதுபோல் ஒருவருக்குச் சொல்வார்கள், இது அவர்கள் வழக்கம் என்று வரிசையாகச் சொன்னேன். புத்தகத்தில் இருப்பது அப்படியே நடக்கிறது பார் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். அவள் அழுதுகொண்டிருந்தாள், நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அடுத்த ஒரு வருடம் குழந்தையை நுனிக்காலில் நடக்கப் பழக்கினோம். தரை முழுக்க ரப்பர் விரிப்பை வாங்கிப் பொருத்தினோம், ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும் சதுரத் துண்டுகள் இருக்குமே, அது. இரவு எட்டரைக்கே விளக்கை அணைத்துவிடுவோம். கீழ் வீட்டுக்காரர் லிஃப்ட்டுக்குக் காத்திருப்பது தெரிந்தால் நான் படியில் ஏறிவிடுவேன்.

அந்தத் தாளின் கதைக்கு அப்புறம் வருகிறேன். இங்கே சொல்ல வந்தது புத்தகங்களைப் பற்றி. ஒரு நாட்டைப் பற்றிய புத்தகத்தைத் தூரத்திலிருந்து படிப்பவருக்கு அது தகவல், சுவாரசியம். அந்த நாட்டுக்குள்ளேயே அந்நியராக வாழ்கிறவர் படிக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் தனக்கு நேர்ந்ததைத் தேடுகிறார். நேற்று அலுவலகத்தில் ஏன் எல்லோரும் சட்டென்று அமைதியானார்கள், பள்ளியில் அந்த அம்மா ஏன் என் மனைவியிடம் மட்டும் பேசாமல் போனார், எல்லாவற்றுக்கும் அதில் விடை இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். தேடினால் கிடைத்தும் விடுகிறது, பிரச்சினையே அங்கேதான். ஜப்பானியர் யார், எப்படிப்பட்டவர்கள் என்று பேசும் இந்த வகைக்கு நிஹோன்ஜின்-ரோன் என்று தனிப் பெயரே உண்டு. 1946க்கும் 1978க்கும் இடையில் மட்டும் சுமார் 700 தலைப்புகள் வந்ததாக ஒரு கணக்கு இருக்கிறது. அத்தனை புத்தகத்தில் எந்த நடத்தைக்கும் ஒரு விளக்கம் அகப்பட்டுவிடும்.

நான் முதலில் படித்தது அமெரிக்க மானுடவியலாளர் ரூத் பெனடிக்ட் எழுதியது, சாமந்திப் பூவையும் வாளையும் தலைப்பில் வைத்த புத்தகம். இங்கே வருவதற்கு முன் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். ஓன் என்றால் பட்ட கடன், நன்றிக்கடன். கிரி என்றால் அதைத் திருப்பித் தீர்க்க வேண்டிய கட்டாயம். இவர்கள் வெட்கத்துக்கு அஞ்சும் பண்பாட்டைச் சேர்ந்தவர்கள், மேற்கத்தியர் குற்றவுணர்வுக்கு அஞ்சுகிறவர்கள். எல்லாம் ஒழுங்காகப் பெட்டியில் அடுக்கிய மாதிரி இருந்தது, எனக்கும் அதுதான் தேவையாக இருந்தது.

வந்து ஆறு மாதத்தில் மகள் பிறந்தாள். அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து பத்தாயிரம் யென்னுக்குப் பரிசுக் கூப்பன் ஒன்றை உறையில் வைத்துக் கொடுத்தார்கள். நான் தலை குனிந்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன், விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பக்கத்து இருக்கைக்காரர் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சொன்னார், இங்கே ஹன்-கயேஷி என்று ஒரு வழக்கம் உண்டு, வந்ததில் பாதி மதிப்புக்கு நாம் ஏதாவது திருப்பித் தர வேண்டும், குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆனதும் இனிப்புப் பெட்டி கொடுத்தால் போதும், கடையிலேயே அதற்கென்று காகிதம் சுற்றித் தருவார்கள் என்று. எனக்குள் பெனடிக்ட் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பார், கணக்கு! அன்பைக்கூடப் பாதி விலைக்குக் கணக்குப் போட்டுத் தீர்க்கிறார்கள்! அந்த இனிப்புப் பெட்டியைக் கொடுக்கும்போது ஒரு கடனை அடைக்கிறவனின் முகம்தான் எனக்கு இருந்திருக்கும்.

அதே சமயத்தில் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி, குழந்தை பிறந்ததிலிருந்து மனைவிக்கு ஏதாவது கொண்டுவந்து தருவார். குளிர்காலத்தில் மிக்கான் ஆரஞ்சு, இலையுதிர் காலத்தில் அவருடைய சொந்த ஊரிலிருந்து வந்த காய்ந்த காக்கிப் பழம். அவர் பழத்தைப் போட்டுத் தந்த டப்பாவை மனைவி கழுவித் துடைத்து அதில் நாலு முறுக்கோ கொஞ்சம் கேசரியோ வைத்துத்தான் திருப்பிக் கொடுப்பாள். பாட்டி மறுபடி அதில் எதையாவது வைத்து அனுப்புவார். அந்த டப்பா யாருடையது என்பதே இப்போது இரண்டு வீட்டுக்கும் மறந்துவிட்டது. ஏன் வெறும் டப்பாவைக் கொடுக்காமல் முறுக்கு வைக்கிறாய் என்று நான் மனைவியிடம் ஒருநாளும் கேட்டதில்லை. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? இதைக் கடன் என்று நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அப்படியிருக்க, அலுவலகத்து இனிப்புப் பெட்டி மட்டும் எனக்கு எப்படிக் கடனாகத் தெரிந்தது?

பெனடிக்ட் ஜப்பானுக்கு ஒருநாளும் வந்ததில்லை. 1944 ஜூனில், போர் உச்சத்தில் இருந்தபோது, ஜப்பானியரைப் பற்றி ஆராய்ந்து சொல்லும்படி அமெரிக்க அரசு அவரிடம் கேட்டது. எதிரி நாட்டுக்குப் போக வழியில்லை. அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர்களிடம் பேசினார், படங்களைப் பார்த்தார், கிடைத்த மொழிபெயர்ப்புகளைப் படித்தார். 1946ல் புத்தகம் வந்தது, 1948ல் அவர் காலமானார். சின்ன வயதிலிருந்தே காது சரியாகக் கேட்காதவர். போகாத ஊரைப் பற்றி, அந்த மொழி தெரியாமல், இவ்வளவு நுணுக்கமாக எழுத முடிந்தது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு எது விநோதமாகப் பட்டதோ அதைத்தான் அவர் எழுதினார், ஓர் அமெரிக்கருக்கு விநோதமாகப் பட்டதை. நான் அவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, என் மனைவி தினமும் செய்கிற காரியத்தையே விநோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது உறைத்த பிறகு நான் படிக்கிற விதம் மாறிவிட்டது. புத்தகத்தை எடுத்தால் முதலில் இதை எழுதியவர் எங்கே இருந்துகொண்டு எழுதினார், எங்கே போய் அடிபட்டுத் திரும்பி வந்து எழுதினார் என்று பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால், ஜப்பானியர்கள் தங்களைப் பற்றி எழுதிய பெயர்பெற்ற புத்தகங்களும் பெரும்பாலும் வெளிநாட்டில் வாழ்ந்த அனுபவத்திலிருந்து கிளம்பியவை! நிதோபே இனாசோ சாமுராய்களின் அறத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியது உடல்நலம் தேற அமெரிக்காவில் தங்கியிருந்தபோது. உங்கள் பள்ளிகளில் மதக் கல்வி இல்லையென்றால் ஒழுக்கத்தை எப்படித்தான் கற்பிக்கிறீர்கள் என்று பெல்ஜியத்துப் பேராசிரியர் ஒருவர் ஒருமுறை கேட்டதும், நிதோபேயின் அமெரிக்க மனைவி ஜப்பானில் இது ஏன், அது ஏன் என்று விடாமல் கேட்டதும்தான் எழுதத் தூண்டியதாக அவரே சொல்கிறார். வெளிநாட்டில் குடும்பம் நடத்துகிற யாருக்கும் இந்தக் கேள்விகள் தெரியும். நம்மை யாராவது கேட்கும் வரை நமக்கே தெரியாத விஷயங்கள் அவை.

டோய் தக்கேயோவின் கதை இன்னும் நெருக்கமானது. மனநல மருத்துவர். 1950ல் மேற்படிப்புக்காக அமெரிக்கா போனார். அங்கே ஒருவர் வீட்டுக்கு அறிமுகத்தின் பேரில் போகிறார். பசிக்கிறதா, ஐஸ்கிரீம் இருக்கிறது, சாப்பிடுகிறீர்களா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். டோய்க்கு நல்ல பசி. ஆனால் முதல்முறை போன வீட்டில் உடனே ஆமாம் என்று சொல்ல முடியுமா, இல்லை, பசியில்லை என்கிறார், இன்னொரு தடவை வற்புறுத்துவார்கள் என்ற நம்பிக்கையில். அப்படியா, சரி என்று வீட்டுக்காரர் விட்டுவிடுகிறார். ஐஸ்கிரீம் வரவேயில்லை. இந்த ஏமாற்றத்தில் தொடங்கி, இருபது வருடம் யோசித்து, 1971ல் அமாயே, அதாவது பிறர் அன்பை நம்பி அவர்மேல் சாய்ந்துகொள்வது என்ற ஒரு சொல்லை வைத்து அவர் எழுதிய புத்தகம் ஜப்பானையே ஆட்டிவைத்தது.

முதல்முறை இதைப் படித்தபோது ஓஹோ, இதுதான் ஜப்பானிய மனம் என்று கோடு போட்டேன். இரண்டாம் முறை படித்தபோது, இந்தப் பக்கத்தில் எனக்குப் புரியாதது எதுவுமே இல்லையே என்று பட்டது. வேண்டாம் என்று ஒரு தடவை சொல்வதும், அட, பரவாயில்லை சாப்பிடுங்க என்று இலையில் வைக்கப்படுவதும் தெரியாமல் வளர்ந்த தமிழர் யார்? அந்த அமெரிக்க வரவேற்பறையில் வயிறு காய உட்கார்ந்திருந்தது நானாகவும் இருக்கலாம்.

அதே புத்தகத்தில் ஒரு தாய் வருகிறார். ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்த ஆங்கிலேயப் பெண். தன் மகளின் சிகிச்சைக்காக டோயிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் ஜப்பானிய மொழியில் சொல்கிறார், இந்தக் குழந்தை சின்ன வயதில் அவ்வளவாக அமாயே செய்யவில்லை என்று. ஏன் அதை மட்டும் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டால், அதை ஆங்கிலத்தில் சொல்லவே முடியாது என்கிறார். டோய்க்குப் பொறி தட்டிய இடங்களில் இது முக்கியமானது. நான் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். "இந்தப் புள்ள சின்ன வயசுல அவ்வளவா செல்லம் கொஞ்சல." முடிந்துவிட்டது! ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர்களுக்கு இடையில் வருகிற அமாயேக்கு உரிமை எடுத்துக்கொள்வது, சலுகை எடுத்துக்கொள்வது என்று நம்மிடம் இன்னும் இரண்டு மூன்று சொல் இருக்கிறது. முழுக்க ஒன்றுதான் என்று சொல்லவில்லை, ஆனாலும் இந்த உணர்வுக்கு நம் மொழியில் தனி இடம் இருக்கிறது.

இதை எனக்கு முன்னால் ஒரு கொரியர் சொல்லிவிட்டார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். லீ ஓ-யங், இலக்கிய விமர்சகர், பிற்காலத்தில் அவர்கள் நாட்டுப் பண்பாட்டு அமைச்சராகவும் இருந்தவர். 1982ல் ஜப்பானிய மொழியிலேயே எழுதிய புத்தகத்தில், கொரிய மொழியில் இதற்குச் சொல் இருக்கிறதே, பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காமல் கடல் தாண்டி ஆங்கிலத்தோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு இது ஜப்பானுக்கே உரியது என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அதனால் டோய் எழுதியது வீண் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் தனியாக இருந்தபோது தன் மொழியின் ஒரு சொல்லை நினைத்து ஏங்கியிருக்கிறார், அந்த ஏக்கம்தான் ஆராய்ச்சியாக வந்திருக்கிறது. நான் இப்போது அதைப் படிப்பது அந்த ஏக்கத்துக்காக.

எனக்கு மிக வேண்டிய புத்தகம் மானுடவியலாளர் நக்கானே சியே எழுதியது, ஜப்பானை மேல் கீழாக அடுக்கிய செங்குத்துச் சமூகம் என்று சொன்ன புத்தகம். 1967ல் வந்தது, பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற சிறிய புத்தகம். அதை ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடை ஒன்றில், வாசலில் போட்டிருந்த மரப்பெட்டியிலிருந்து 200 யென்னுக்கு எடுத்தேன். ஜப்பானிய மொழியில் நான் முழுதாகப் படித்து முடித்த முதல் புத்தகமும் அதுதான், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு மாதம் ஆயிற்று.

மனிதர்கள் கூட்டமாகச் சேர இரண்டு வழி உண்டு என்கிறார் நக்கானே. ஷிகாக்கு, அதாவது பிறப்பாலோ படிப்பாலோ தொழிலாலோ ஒருவரோடு ஒட்டியிருக்கும் அடையாளம். இன்னொன்று பா, ஒரே இடத்துக்குள் இருப்பது, ஒரே நிறுவனம், ஒரே வீடு, ஒரே ஊர். ஜப்பானில் இரண்டாவதுதான் முக்கியம், அதனால்தான் ஒருவர் நான் பொறியாளர் என்று சொல்லும் முன்பே நான் இன்ன நிறுவனத்தைச் சேர்ந்தவன் என்று சொல்கிறார் என்கிறார். தன் நிறுவனத்தை உச்சி என்றே குறிப்பிடுவார்கள். உச்சி என்றால் உள்ளே, எங்கள் வீடு.

இதை எனக்குப் புரியவைத்தது அலுவலகத் தொலைபேசி. சேர்ந்த புதிதில் வெளியாள் ஒருவர் எங்கள் பிரிவுத் தலைவரைக் கேட்டுக் கூப்பிட்டார். நான் அவர் பெயரோடு சான் சேர்த்து, அவர் இருக்கையில் இல்லை என்று மரியாதையாகச் சொன்னேன். வைத்ததும் பக்கத்து இருக்கைக்காரர் திருத்தினார், வெளியாளிடம் பேசும்போது நம் ஆளுக்கு மரியாதைச் சொல் சேர்க்கக் கூடாது. அதாவது, என்னைவிட இருபது வயது மூத்தவரை, அவர் காது கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும், மொட்டையாகப் பெயர் சொல்ல வேண்டும். என் நாக்கு எழும்பவில்லை. பல வாரம் கழித்துத் தயங்கித் தயங்கி அப்படிச் சொன்னபோது, தலைவர் நிமிர்ந்து பார்த்து லேசாகத் தலையசைத்தார். அன்றைக்குத்தான் நான் உள்ளே வந்தேன் என்று நினைக்கிறேன். மரியாதையை எடுத்தால்தான் சொந்தமாவோம் என்பது என் வளர்ப்புக்குத் தலைகீழ், ஆனால் அந்தத் தலையசைப்பின் சந்தோஷம் நிஜமானது.

நக்கானே எதிர்முனையில் எந்த நாட்டை வைக்கிறார் தெரியுமா? இந்தியாவை. அவர் 1950களில் சில வருடங்கள் இந்தியாவில் கள ஆய்வு செய்தவர், அஸ்ஸாம் பக்கத்து மலைவாழ் மக்களிடமும் கேரளத்துத் தாய்வழிக் குடும்பங்களிடமும். அதனால் ஜப்பானைப் பற்றிய புத்தகத்தில் எதிர்பாராமல் நாம் வருகிறோம். மாமியார் மருமகள் சண்டையைப் பற்றி ஓர் இடம். ஜப்பானில் அது வீட்டுச் சுவரைத் தாண்டக் கூடாது, மருமகள் தனியாகப் போராட வேண்டும். இந்தியக் கிராமத்தில் சண்டை தெருவுக்கே கேட்கும், கேட்டதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் உதவிக்கு வருவார்கள், அண்ணன் தம்பி அடிக்கடி வந்து பார்ப்பார்கள், ஜப்பானியப் பெண்கள் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்று கொஞ்சம் பொறாமையோடே எழுதுகிறார். படித்ததும் எனக்கு மனைவி ஞாபகம். கைக்குழந்தையோடு அந்த நாலாவது மாடியில் பகல் முழுக்கத் தனியாக இருந்த நாட்களில் அவளுக்கு வேண்டியிருந்தது அந்தத் தெருதான்.

ஆனால் அதே வாக்கியத்தில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. ஓடிவரும் பெண்கள் ஒரே சாதிப் பெண்கள் என்று குறித்திருக்கிறார். ஜப்பானிய வாசகர் அதைத் தாண்டிப் போயிருப்பார். என்னால் முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

நிஷி-கசாயில் இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். 2000ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்சினையைச் சரிசெய்ய வந்த பொறியாளர்களிடமிருந்து தொடங்கிய கூட்டம், தோசாய் ரயிலில் ஏறினால் நேராக நிதி நிறுவனங்கள் இருக்கும் பகுதியில் இறங்கலாம் என்பதால் இங்கேயே தங்கிவிட்டது. பண்டிகைக்கு ஒரு சமூகக் கூடத்தை வாடகைக்கு எடுத்துக் கூடுவோம். ஜப்பானில் இத்தனை வருடத்தில் யாரும் என் சாதியைக் கேட்டதில்லை, கேட்கத் தெரியாது. அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது, அந்தக் கூடத்தில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றபோது ஒருவர் எந்த ஊர் என்று ஆரம்பித்து, ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு என்று சுற்றிச் சுற்றி வந்தபோதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வந்தும் ஷிகாக்கு கூடவே வந்து தட்டோடு நிற்கிறது. ஜப்பானைப் புரிந்துகொள்ள வாங்கிய புத்தகம்தான் அந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பெயரைக் கொடுத்தது.

அபே கின்யாவையும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. இடைக்கால ஜெர்மனியைப் படித்த வரலாற்றாளர், அங்கே தங்கி ஆராய்ந்தவர், திரும்பிவந்து செகென் என்ற சொல்லைப் பற்றி 1995ல் ஒரு புத்தகம் எழுதினார். நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிற, நாலு வார்த்தை பேசுகிற உலகம் என்று பொருள். பௌத்தம் வழியாக வந்த, லோகம் என்பதன் மொழிபெயர்ப்பு. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கும், உலகத்தோடு ஒட்ட ஒழுகல் என்று பள்ளியில் ஒப்பித்தவர்களுக்கும் அகராதியே தேவைப்படாது.

சரி, லிஃப்ட் தாளுக்கு வருகிறேன். ஒன்றேகால் வருடம் கழித்து, குப்பை போடும் இடத்தில் எங்கள் கட்டடக் காப்பாளர் பிளாஸ்டிக் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபது வயதைத் தொட்டவர், அந்த மாதத்தோடு ஓய்வு பெறப்போவதாகச் சொன்னார். போகிறவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று, எங்கள் குழந்தையால் உங்களுக்குத் தொந்தரவு வந்துவிட்டது, அந்த அறிவிப்பு விஷயமாக என்று ஆரம்பித்தேன். அவருக்குப் புரியவேயில்லை. எந்த அறிவிப்பு என்று யோசித்து, அப்புறம் கைகளை வேகமாக ஆட்டினார். அது ஆறாவது மாடியில் இருந்த கல்லூரி மாணவன், ராத்திரியில் உடற்பயிற்சி செய்கிறேன் என்று குதித்துக்கொண்டிருந்தான், போன மார்ச்சிலேயே காலி செய்துவிட்டான் என்றார். படத்தில் குழந்தை இருந்ததே என்றேன். இராசுதோயாவில் குதிக்கிற படம் என்று தேடினேன், அதுதான் வந்தது என்றார். ஜப்பானில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஊரெல்லாம் இலவசமாக எடுத்து ஒட்டுகிற படங்கள் அவை.

அப்புறம் அவர் சொன்னது: "உங்கள் கீழ் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். மேல் வீட்டுக் குழந்தை ஓடுகிற சத்தமே இப்போது கேட்பதில்லை, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று."

நான் படியேறி வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் கூடத்து ரப்பர் விரிப்பில் ஒரு துண்டைக் கழற்றினாள், அப்புறம் இன்னொன்று. அன்று மாலையே கீழ் வீட்டு மணியை அடித்தோம்.

அந்தத் தாளில் எங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை. அதை எங்களுக்கு எழுதிய கடிதமாக வாசித்தது நான், வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவை நான் படித்த புத்தகங்கள். அந்நியராக இருப்பதன் பயமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பயம் இல்லாத ஒருவர் அதே புத்தகங்களைப் படித்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. நேரில் சொல்வதில்லை, எல்லோருக்குமாக எழுதி ஒட்டுகிறார்கள் என்பதென்னவோ உண்மைதான். ஆனால் அதனால் அந்த மாணவனின் பெயர் கெடவில்லை, அவன் யார் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. என் மனைவி இதை உடனே சொன்னாள், எந்தப் புத்தகமும் இல்லாமல்.

இன்னொன்று. எங்கள் பிரிவில் ஹாக்கென் முறையில், அதாவது வேறொரு நிறுவனம் அனுப்பிவைத்த ஒப்பந்த ஊழியராக, ஒரு பெண் வேலை பார்த்தார். எனக்குச் செலவுச் சீட்டு எழுதச் சொல்லிக் கொடுத்தவர், எந்தப் படிவம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். 2015ல் திருத்திய சட்டப்படி இப்படி வருபவர்கள் ஒரே பிரிவில் மூன்று வருடத்துக்கு மேல் இருக்க முடியாது. அவருடைய மூன்றாவது வருடம் முடிந்த வெள்ளிக்கிழமை, தனித்தனியாக உறையிட்ட பிஸ்கட்டுகளை ஒவ்வொரு மேசையாக வைத்துக்கொண்டே வந்தார். ஆள் இல்லாத மேசைகளில் விசைப்பலகைக்கு மேலே, நேராக, ஒன்று. என்னிடம் வந்தபோது, நீங்கள் படிவம் எழுதுவதில் இப்போது தேறிவிட்டீர்கள் என்றார். ஐந்தரை மணிக்குப் போய்விட்டார். இந்த மூன்று வருடத்தில் அவர் எங்கள் நிறுவனத்தை உச்சி என்று சொல்லி நான் கேட்டதில்லை என்பது திங்கட்கிழமைதான் எனக்கு உறைத்தது.

நக்கானே எழுதிய காலம் ஜப்பான் வேகமாக வளர்ந்த காலம். நிறுவனம் என்ற வீட்டுக்குள் வாழ்நாள் முழுக்க இருக்கலாம் என்று நம்பியவர்களை வைத்து எழுதினார். இன்றைக்குச் சம்பளக்காரர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிரந்தர ஊழியர்கள் இல்லை. ஒரே இடத்தில் இருந்தும் உள்ளே இல்லாதவர்கள். அந்தக் காலத்திலும் நிறுவன வாழ்க்கை எல்லோருக்கும் வாய்த்ததில்லை, சிறு பட்டறைக்காரர்கள், பெண்கள், இங்கேயே மூன்று நாலு தலைமுறையாக வாழும் கொரியர்கள், ஒக்கினாவாக்காரர்கள் என்று ஓரத்தில் நின்றவர்கள் நிறைய. ஜப்பானியர் இப்படி என்று தொடங்கும் வாக்கியங்களில் இவர்கள் வருவதேயில்லை. ஊரில் இருந்து படித்திருந்தால் இவர்கள் இல்லாததை நான் கவனித்திருக்கவே மாட்டேன். நானும் ஓரத்தில் நிற்கிறேன், அதனால் பக்கத்தில் நிற்பவர்கள் கண்ணில் படுகிறார்கள்.

இப்போது எந்தப் புத்தகம் வாங்கினாலும் முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதிவைக்கிறேன், எழுதியவர் எங்கே வாழ்ந்தவர், எந்த வருடம் என்று. நிதோபேக்கு அமெரிக்கா, 1899. பெனடிக்ட்டுக்கு, வந்ததில்லை. நக்கானேவுக்கு அஸ்ஸாம், கேரளம், டோக்கியோ. போன மாதம் டோயை மறுபடி எடுத்தேன், மூன்றாவது தடவை. ஐஸ்கிரீம் வருகிற பக்கத்தின் ஓரத்தில் முன்பு நான் போட்ட கோடு இன்னும் அழுத்தமாக இருந்தது, பக்கத்தில் ஆங்கிலத்தில் முக்கியம் என்றும் எழுதியிருந்தேன். அதை ரப்பரால் அழித்துவிட்டு, தமிழில் எழுதினேன்: இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.